வெள்ளிக்கிழமை மாத்திரை

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இதய நோய் வார்டில் நர்சாகச் சேர்ந்த புதிதில், கையெல்லாம் குத்துப்பட்டு நொந்துபோயிருந்த ஒரு நோயாளி, "அந்தக் குண்டு சிஸ்டரையே ஊசி போடச் சொல்லுங்க. அவங்க போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்கிறதில்ல" என்று பிடிவாதம் பிடித்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், ஓய்வு பெற்று வருடக்கணக்காகியும் உரிந்து வரவில்லை.

அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் பஞ்சு. ஊசி போட்டுவிட்டு இவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், அவள் பின்னாலேயே வந்து குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே, "பையன் வந்தானா? ராத்திரி தூங்கினீங்களா?" என்று கதை பேசிவிட்டுப் போவாள். ஆள் ஈர்க்குச்சி. ஊசி பருமன், பஞ்சு ஒல்லி. பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று வார்டே சிரிக்கும்.

அந்தப் பஞ்சுவுக்குத்தான் இப்போது இதயம் பழுது. நெஞ்சில் எரிச்சல் வந்தபோது வாயுத் தொல்லை என்று தள்ளிப் போட்டிருக்கிறாள். எதைச் செய்யாதீர்கள் என்று வாழ்நாள் முழுக்க நோயாளிகளிடம் தொண்டை கிழியக் கத்தினாளோ, அதையே செய்தாள். வந்தது மாரடைப்பு. ரத்தக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் இதயத்தில் ஒரு பக்கத்துச் சதை தளர்ந்துவிட்டது. ரத்தத்தை முழு மூச்சாகத் தள்ள அதற்குத் தெம்பில்லை. அப்படித் தேங்கும் நீர் காலில் இறங்கும். அசந்தால் நுரையீரலில் ஏறும்.

பஞ்சுவின் மகன் வேலை காரணமாக வேறு ஊரில் இருந்தான். ஒரு காலை ஊசிக்குப் போன் செய்தான்.

"பெரியம்மா, நீங்கதான் வரணும். ரெண்டு நர்ஸ் வெச்சுப் பார்த்தேன். ரெண்டு பேரையும் அம்மா விரட்டிட்டாங்க."

"எதுக்குடா விரட்டினா?"

"ஒருத்தி நாடி பிடிக்கும்போது போனைப் பார்த்தாளாம். இன்னொருத்தி கட்டில் விரிப்பு ஓரத்தைச் சரியா மடிக்கலையாம். அந்தப் பொண்ணு அழுதுகிட்டே போயிடுச்சு."

ஊசிக்குச் சிரிப்பு வந்தது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் தன் குடும்பத்தோடு தூரத்தில் இருக்கிறாள், தான் மட்டும் இந்தப் பெரிய வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்ற நினைப்பும் கூடவே வந்தது. பெட்டியில் நாலு புடவை, ரத்த அழுத்தக் கருவி, எடை பார்க்கும் எந்திரம். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

பஞ்சுவின் வீடு அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பஞ்சு, கதவைப் பிடித்துக்கொண்டே சிறிது நேரம் மூச்சு வாங்கினாள்.

"வந்துட்டியாடி? உள்ளே வா. இன்னும் குண்டாயிட்டே."

ஊசி குனிந்து பஞ்சுவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபோது அங்கே குழி விழுந்து, அப்படியே நின்றது.

"வாசல்லயே ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் பஞ்சு.

மறுநாளிலிருந்து அந்த வீடு வார்டாகிவிட்டது. காலையில் எழுந்து பாத்ரூம் போய் வந்ததும் எடை. அப்புறம் ரத்த அழுத்தம். அப்புறம் நீர் பிரிய மாத்திரை. சமையலில் உப்பு பேருக்குத்தான். ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீர் முழுவதும் ஒரு பாட்டிலில் அளந்து மேசைமேல் உட்கார்ந்திருக்கும். டீ, கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில் சேர்த்தி. உட்காரும்போது கால் முக்காலி மேல். படுக்கும்போது முதுகுக்கு மூன்று தலையணை.

"வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்குதுடி. ஒரே ஒரு மடக்கு."

"வாயைக் கொப்புளிச்சுத் துப்பு."

"நான் எத்தனை பேருக்கு இதையே சொல்லியிருப்பேன்! அத்தனை பேரும் மனசுக்குள்ள என்னைத் திட்டியிருப்பாங்க."

"திட்டட்டும். உயிரோட இருந்துதானே திட்டினாங்க."

இதற்குப் பஞ்சு சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். ஊசி அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு மீதி என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிய நேரங்களில் பஞ்சு சுவரைத் தொட்டபடி கூடத்திலிருந்து படுக்கையறைக்கு நடந்து போவாள். அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் ஊசிக்குப் பழைய வார்டு நினைவுக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்திருப்பார்கள். திரும்பிப் படுக்கக்கூட நர்ஸ் கை கொடுக்க வேண்டும். சோறு ஊட்டி, முகம் மழித்து, தலை வாரிவிட்டு, பெரிய மனிதர்களையெல்லாம் பச்சைக் குழந்தைகளாக்கி வைத்திருந்தார்கள். அப்போது புதிதாக வந்த ஒரு டாக்டர், "படுக்கப் போட்டே ஆளைக் கெடுக்கிறோம். நடக்க விடுங்க" என்றார். வார்டைக் கட்டி ஆண்ட தலைமை நர்சுக்கு, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் அம்மாளுக்கு, அதைக் கேட்டதும் வியர்த்துவிட்டது. நடக்கும்போது ஆள் விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

"நான் கூட்டிட்டுப் போறேன் பெரியக்கா" என்று முன்னால் வந்தவள் பஞ்சுதான்.

முதலில் நடந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். வார்டுக்கு வெளியே நீளமான நடைவழி. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். பஞ்சு அவர் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஊசி பின்னால் வந்தாள். முதல் ஜன்னல் வந்ததும் கண்டக்டர் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஊசி நாற்காலியை அவர் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கண்டக்டர் மூச்சை இழுத்துக்கொண்டு, "முதல் ஜன்னல்! இறங்குறவங்க எல்லாம் இறங்கிக்கங்க!" என்று குரல் கொடுத்தார்.

வார்டே கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு நடைவழிக்குப் பெயரே பஸ் ரூட் என்றாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு ஜன்னல் கூடும். கட்டிலில் கிடப்பவர்கள், "சிஸ்டர், என்னை எப்போ பஸ் ஏத்துவீங்க?" என்று நச்சரிக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் கடைசி ஜன்னலைத் தொட்ட அன்று இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று மாடியிலிருந்து டாக்டர் அரக்கப் பரக்க ஓடி வந்தார்.

அதையெல்லாம் பேசலாம் என்று ஊசிக்குத் தோன்றும். ஆனால் அடுப்பில் கஞ்சி இருக்கும், மருந்து வேளை வந்திருக்கும். அப்புறம் பேசிக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறாள் என்று விட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் பஞ்சு கரிசனமாகிவிடுவாள். "உன் வீட்டுச் செடியெல்லாம் வாடிக் கிடக்கும்டி. போய்த் தண்ணி ஊத்திட்டு வா. எனக்குத் துணைக்குக் கீழ்வீட்டுத் தையல்கார அம்மா இருக்கா." ஊசியும் மதியத்துக்கு முன்பே கிளம்பி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைப் பெருக்கி, பொழுது சாயும்போது திரும்புவாள்.

சிக்கல் சனிக்கிழமை தொடங்கும். எடை எந்திரத்தில் முள் எகிறியிருக்கும். கால் வீங்கியிருக்கும். ஞாயிறு, திங்களில் மெல்ல வடிந்து, வியாழனுக்குள் ஒழுங்குக்கு வந்துவிடும். மறுபடி சனிக்கிழமை அதே கூத்து. ஊசி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சமையலறையைத் துழாவினாள். அலமாரிக்குப் பின்னால் உப்பு பிஸ்கட் பொட்டலம் ஒன்று கிடைத்தது.

"கையும் களவுமா பிடிச்சேன் பார்!"

"அது என் பேரன் போன லீவுல வெச்சுட்டுப் போனது. பிரிக்கவே இல்ல, பார்."

உண்மைதான், பொட்டலம் பிரிக்கப்படவில்லை. ஆனாலும் ஊசிக்கு மனம் ஆறவில்லை. "தையல்கார அம்மா வீட்டுல என்னடி தின்னே?" என்று குடைந்தாள். பஞ்சு அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். இருமல் சத்தம் கேட்டு ஊசி கண் விழித்தாள். சாதாரண இருமல் அல்ல. பஞ்சு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். உதட்டோரம் நுரை.

நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. ஊசிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான். பழைய கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கின. பஞ்சுவின் கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். முதுகுக்குத் தலையணைகளை முட்டுக் கொடுத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சுவின் முதுகில் கை வைத்தாள்.

"வந்துட்டு இருக்காங்கடி. என்னைப் பிடிச்சுக்க. பேசாதே."

பஞ்சு அவள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி அவர்கள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். ஆனால் பழைய வார்டு இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவுகள். ஜன்னல் வரிசையைக் காணவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு திரை, அதில் இதயத் துடிப்பு பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுவுக்கு முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இளம் நர்ஸ் ஒருத்தி, பதற்றமே இல்லாமல், முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்து மருந்தை ஏற்றினாள். ஊசிக்கு அந்தக் கையைப் பார்க்க நிறைவாக இருந்தது.

"வீட்டில நீர் மாத்திரை ஒழுங்கா எடுத்தாங்களா?" என்று டாக்டர் அம்மா கேட்டாள்.

"ஒரு நாள் விடாம என் கையால எடுத்துக் கொடுக்கிறேன்" என்றாள் ஊசி.

முகமூடிக்குள்ளிருந்து பஞ்சு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கையைத் தூக்கி, இல்லை என்று காட்டினாள்.

ஊசிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

மருந்து வேலை செய்தது. தேங்கிய நீரெல்லாம் பிரிந்து போகப் போக, கொதிக்கும் சத்தம் அடங்கி, உதட்டில் நிறம் திரும்பியது. மறுநாள் மதியம் முகமூடியை எடுத்துவிட்டு, மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். ஊசி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு. மாத்திரையை என்ன பண்ணினே?"

"கன்னத்துல அடக்கி வெச்சிருந்து, நீ அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும்தான்."

"வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

பஞ்சு மேலே ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். "சினிமா."

"என்னது?"

"புதுப்படம் வெள்ளிக்கிழமைதானே வரும். மதியக் காட்சிக்குப் போவேன். ஆட்டோ பிடிச்சு, தனியா. அந்த மாத்திரையைப் போட்டுகிட்டு மூணு மணி நேரம் உட்கார முடியுமா, நீயே சொல்லு. ஒரு தடவை இருட்டுல, வரிசையா எல்லார் காலையும் மிதிச்சுகிட்டு ஓடினேன். அப்படியும் பாத்ரூம் போய்ச் சேர்றதுக்குள்ள..." நிறுத்தினாள். "புடவையை நனைச்சுகிட்டு வீட்டுக்கு வந்தேன்டி. அன்னிக்கு எடுத்த முடிவுதான்."

ஊசி எதிர்பார்த்தது உப்பு, ஊறுகாய், திருட்டுத் தண்ணீர். இது அவள் புத்திக்கே எட்டவில்லை.

"சினிமாவுக்கு உயிரையா கொடுப்பாங்க?"

"ராத்திரி டூட்டி முடிச்சுட்டு நாம காலைக் காட்சிக்குப் போவோமே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? சீருடைக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு, விடுதிக்குப் போகாமல் இருவரும் நேரே தியேட்டருக்கு ஓடுவார்கள். விளக்கு அணைந்ததும் இருவரும் தூங்கிவிடுவார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, படம் முடிந்து பெருக்குகிறவர் வந்து எழுப்பும்வரை அடித்துப் போட்ட தூக்கம். விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம், பார்க்காத படத்துக்குக் கதை கட்டுவார்கள். "கதாநாயகன் கடைசில செத்துட்டானாடி?" "இல்ல, நம்ம வார்டுக்குத்தான் கொண்டு வந்தாங்க. நீ ஊசி போட்டே, பொழைச்சுட்டான்." நடைபாதையில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"அந்தத் தியேட்டர்ல உட்கார்ந்தா மட்டும்தான் நான் நோயாளி இல்லங்கிற நினைப்பு வருது" என்றாள் பஞ்சு.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானும் வந்திருப்பேனே."

"எங்கே சொல்றது? நீ வந்த நாள்லேர்ந்து என் காலையே பார்த்துகிட்டு இருக்கே. முகத்தை ஒரு தடவை பார்த்தியா? நல்ல நர்ஸ்தான் வந்திருக்கா, என் கூட்டாளியைத்தான் காணோம்னு நினைச்சுகிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஊசிக்குப் பொறுக்கவில்லை. வார்டிலும் அப்படித்தானே இருந்தது? கண்டக்டரை நடத்திப் போனபோது பஞ்சு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனோம். அங்கே இருவர் இருந்தார்கள், அதனால் இரண்டும் நடந்தது. இங்கே தான் ஒருத்திதானே.

பஞ்சுவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் விரல் மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

"நாடி பார்க்கிறியா?"

"இல்லடி" என்றாள் ஊசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

பஞ்சு சிரித்தாள். ஊசி அவள் வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்காத சிரிப்பு.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், ஊசிதான் டாக்டர் அம்மாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். டாக்டர் அம்மா திட்டுவாள் என்று இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். அவளோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு பஞ்சுவைப் பார்த்தாள்.

"இதுக்கா இந்தப் பாடு? வெள்ளிக்கிழமை மட்டும் படம் பார்த்துட்டு வந்து சாயங்காலம் போட்டுக்கங்க. தள்ளிப் போடலாம், விட்டுடத்தான் கூடாது. இதை என்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

"கேட்க வெட்கமா இருந்தது டாக்டர்."

"இத்தனை வருஷம் வார்டுல இருந்தவங்க, உங்களுக்கே வெட்கமா?"

"கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கும்போது வெட்கம் வராது. அதுல படுத்தா வருது" என்றாள் பஞ்சு.

டாக்டர் அம்மா எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வாரத்தில் இரண்டு நாள் கீழ்த்தளத்தில் இதய நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி நடக்கிறது, அதற்கும் வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டாள்.

பஞ்சு தேறி வெளியே போகலாம் என்று ஆனதும், ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து மதியக் காட்சிக்குப் போனார்கள். வரிசை ஓரத்தில், பாத்ரூம் கதவுக்கு எதிரே இரண்டு இடம் கேட்டு வாங்கினாள் ஊசி. இந்தத் தடவை யாரும் தூங்கவில்லை. படம் சுமாரிலும் சுமார். ஆனாலும் சண்டைக் காட்சியில் கதாநாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, "மாரடைப்புன்னா இப்படியா விழுவாங்க? இடது கையைப் பிடிக்க வேணாமா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் முணுமுணுத்தார்கள். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

வெளியே வந்ததும் நடக்கலாம் என்றாள் பஞ்சு. ஆட்டோ நிற்கும் இடம் தெருக்கோடியில். மாலை வெயில் சாய்ந்து, கடைகளில் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பஞ்சு ஒரு கடை முன்னால் நின்று, கண்ணாடிக்குள் வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினாள்.

ஊசிக்குப் புரிந்தது. மூச்சு வாங்குகிறது என்று சொல்லக் கூச்சப்படும் இதய நோயாளிகள் எல்லோரும் இப்படித்தான் கடை கடையாக நின்று வேடிக்கை பார்ப்பது போலப் பாவனை செய்வார்கள். குனிந்து அவள் காலைப் பார்க்க நினைத்த கண்ணை இழுத்துப் பிடித்து, நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். களைத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. உதட்டில் நிறம் இருந்தது. ஊசியும் பக்கத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே கூரை வரைக்கும் லாரி டயர்கள்.

கடைக்காரர் வெளியே வந்தார். "என்னம்மா வேணும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா பார்க்கிறோம் தம்பி" என்றாள் ஊசி. "எது நல்லா உழைக்கும்?"

அந்த அப்பாவி மனிதர் ஒவ்வொரு டயரையும் தட்டித் தட்டி விளக்க ஆரம்பித்தார். பஞ்சு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூச்சு ஆறிச் சீராகும்வரை இருவரும் பொறுமையாக நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். பிறகு ஊசி அவள் முதுகில் கையை வைத்தாள். மெதுவாக அடுத்த கடைக்கு நடந்தார்கள்.